கன்னத்தில் ஒரு மீன்கொத்தி

செம்பைப் போலத் திமிர் பிடித்த உலோகம் வேறு கிடையாது. பித்தளை சொன்ன பேச்சைக் கேட்கும். வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சினால் போதும். செம்பு இருக்கிறதே, முதலில் வெண்ணெய் மாதிரி வளைந்து கொடுத்து நம்மை நம்ப வைத்துவிட்டு, நாலு தட்டுத் தட்டியதும் விறைத்துக்கொண்டு நிற்கும். மறுபடி சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, தாஜா பண்ணி வழிக்குக் கொண்டுவர வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதனோடுதான் குடித்தனம். தன்னோடு பேசியதைவிட அதனோடு பேசியதுதான் அதிகம் என்று என் மனைவி சொல்வாள். பேச்சா அது, எல்லாம் வசவு.

துப்பாக்கிக் கட்டையில் செம்பு பதிப்பது என் தொழில். கட்டை என்றால் இரும்புக் குழாயைத் தாங்கும் மரப்பகுதி. தோளில் முட்டுக்கொடுத்து, கன்னத்தைச் சாய்த்துக் குறி பார்ப்பார்களே, அதுதான். வேட்டைக்காரர்களும் பழைய துப்பாக்கி சேர்த்து வைப்பவர்களும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடி கேட்பார்கள், மான் கேட்பார்கள், ஒருவர் தன் நாயைக் கேட்டார். வரைந்த கோட்டின் மேல் மெல்லிய உளியால் கீறல் போடுவேன். மரத்தை ஒரு துணுக்குக்கூட வெளியே எடுக்கக் கூடாது, வெறும் கீறல்தான். காகிதக் கனத்துக்குத் தட்டிய செம்புப் பட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, சின்னச் சுத்தியால் அந்தக் கீறலுக்குள் இறக்குவேன். ஈரத்துணியால் ஒற்றினால் மரம் உப்பிச் செம்பைக் கவ்விக்கொள்ளும். காய்ந்தபிறகு துருத்திக்கொண்டிருப்பதை அராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மரத்தோடு மட்டமாக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது மரம், எது செம்பு என்று தெரியக் கூடாது. மட்டம்தான் என் தொழிலுக்கு மானம்.

இனி என் மகளைப் பற்றி. அவளும் துப்பாக்கிக்காரிதான், ஆனால் வேட்டை இல்லை. பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் காகித வட்டத்தைக் காற்றுத் துப்பாக்கியால் சுடும் போட்டிக்காரி. கூடச் சுடுகிற பிள்ளைகள் எல்லாம் நீலமும் சிவப்புமாக அலுமினியத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். கன்னம் வைக்கிற தட்டைத் திருகினால் ஏறும், இறங்கும். இவளிடம் இருப்பது மூன்று கை மாறி வந்த பழைய மரக்கட்டைத் துப்பாக்கி. அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரில் உள்ளவன் துப்பாக்கிக்கெல்லாம் கொடி ஓட்டுகிறேன், என் சொந்த மகளின் துப்பாக்கி மட்டும் மொட்டைக் கட்டையாகக் கிடக்கிறதே என்று.

இளையோர் அணித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவளை ஒரு பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். ஓட்டம், மூச்சுப் பயிற்சி, அசையாமல் நிற்கிற பயிற்சி. துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

“அப்பா, பின்தட்டுல ஒரு திருகு ஆடுது. அதை மட்டும் இறுக்கி வைப்பா.”

“வச்சுட்டுப் போ. அப்பா பாத்துக்கறேன்.”

‘மட்டும்’ என்று அவள் சொன்னதை நான் கேட்கத்தான் செய்தேன். இன்றைக்கு அதை இல்லையென்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவள் பஸ் ஏறிய அன்றே கட்டையைக் குழாயிலிருந்து கழற்றி என் மேஜைமேல் போட்டேன். கன்னம் படுகிற பக்கத்தில் ஒரு மீன்கொத்தி பதிப்பது என்று முடிவு செய்தேன். அது கிளையில் உட்கார்ந்தால் இவள் நிற்பது மாதிரியே இருக்கும். அசையாது, சத்தம் போடாது, நேரம் வரும் வரைக்கும் ஒரே பார்வைதான். நான் அவள் சுடுவதை ஒருநாள்கூட நேரில் போய்ப் பார்த்ததில்லை. கூப்பிட்டிருக்கிறாள், வேலை இருக்கிறது என்று தட்டிக் கழித்திருக்கிறேன். உண்மையில் எனக்குப் பயம். அவள் தோற்று நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது. எனக்குப் பதிலாக இந்தக் குருவியாவது அவள் கன்னத்தோடு போய் நிற்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். “அவகிட்டக் கேட்டீங்களா?”

“சொல்லிட்டுச் செஞ்சா அது என்ன ஆச்சரியம்?”

“அவளுக்கு ஆச்சரியமெல்லாம் பிடிக்காதுங்க.”

“எல்லாருக்கும் பிடிக்கும். நீ போய் உன் வேலையைப் பாரு.”

செம்பு முதல் நாளே வேலையைக் காட்டியது. அலகின் நுனியில் ஒரு மடிப்பு வர வேண்டும். அந்த மடிப்பில் பட்டை உடைந்தது. காய்ச்சி மறுபடி மடித்தேன், உடைந்தது. மூன்றாவது தடவை நிற்பது போல நின்று, கீறலுக்குள் பாதி இறங்கியபிறகு உடைந்து, உள்ளே மாட்டிக்கொண்டது. அதை ஊசியால் நெம்பி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. கண்ணுக்கு ஒரு வட்டம் போட ஒன்றரை நாள். இறகுக்கு ஐந்து நாள். சாப்பிடக் கூப்பிட்டவளிடம் எரிந்து விழுந்தேன். போன் அடித்தால் போனைத் திட்டினேன்.

ஆனால் பதித்து முடித்தபோது, சும்மா சொல்லக் கூடாது, குருவி உட்கார்ந்திருந்தது. அப்படி ஒரு வேலை என் கையில் அதற்கு முன்னால் வந்ததில்லை.

பிறகுதான் வினை ஆரம்பித்தது. அராவும்போது பறக்கிற செம்புத்தூள் மற்றத் தூள் மாதிரி இல்லை. மெத்தென்று இருக்கும், மரத்தின் துவாரங்களுக்குள் போய் அப்பிக்கொள்ளும். குருவியைச் சுற்றி மரம் முழுக்க அழுக்குப் பிடித்த முகம் மாதிரி ஆகிவிட்டது. துடைத்தேன், போகவில்லை. ஊதினேன், தூரிகை போட்டேன். கடைசியில் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். ஓரிடத்தில் தேய்த்தால் பள்ளம் விழும் என்று சுற்றிலும் தேய்த்தேன். அழுக்குப் போன இடத்தில் செம்பு கொஞ்சம் மேலே துருத்தியது, அதைத் தேய்த்தேன். மறுபடி தூள், மறுபடி அழுக்கு. இரண்டு நாள் இதே கூத்து.

தேய்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கன்னம் வைக்கிற மேட்டில் மரம் கோணல்மாணலாக இருந்தது. முன்னால் ஒரு சின்னத் திமில், பின்னால் ஒரு சரிவு. என் மகளே உப்புத்தாள் வைத்துத் தேய்த்த இடம் அது. வாங்கின புதிதில் வாசற்படியில் உட்கார்ந்து அவள் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ‘தொழில்காரன் வீட்டுப் பிள்ளை தேய்க்கிற லட்சணமா இது’ என்று கேலி செய்திருக்கிறேன். போகட்டும், சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்திருக்கிறது என்று திமிலையும் சரிவையும் சேர்த்து மட்டம் பண்ணிவிட்டேன். எண்ணெய் பூசிக் காயவைத்துக் குழாயோடு பூட்டியபோது கண்ணாடி மாதிரி இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். சனிக்கிழமை தேர்வு. பையை இறக்கி வைக்கக்கூட விடாமல் துப்பாக்கியை எடுத்து நீட்டினேன்.

பார்த்தாள். விரலால் குருவியின் முதுகைத் தடவினாள். “அழகா இருக்குப்பா,” என்றாள். நான் பூரித்துப் போய் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். மனைவி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் வீட்டு நடையில் போய் நின்றாள். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தாள். அப்புறம் கண்ணைத் திறந்தாள். இறக்கினாள். மறுபடி கண்ணை மூடி, சாய்த்து, திறந்தாள். நான்காவது தடவை இறக்கியபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

“மரத்தைத் தேய்ச்சியாப்பா?”

“தேய்க்காம எப்படி? மட்டம் வரணும்ல.”

“மேட்டையுமா?”

“அது ஒரே கோணலா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் நல்லதாகப் போயிருக்கும். “கண்ணைத் திறந்தா குறி பாக்கற பின் சைட் ஓட்டைக்கு நடுவுல முன்வளையம் தெரியணும்பா. இப்ப ஓட்டையோட கீழ்விளிம்புதான் தெரியுது. கண்ணு கீழ போயிடுச்சு,” என்றாள்.

“எவ்வளவு போயிருக்கும்? ஒரு நகத்துக் கனம்.”

“அந்த நகத்துக் கனத்துக்குத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு.”

அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். தேதி போட்டு, உப்புத்தாள் எத்தனை இழுப்பு, எந்த மூலையில், அதற்கப்புறம் பத்துக் குண்டு எங்கே போயிற்று என்று புள்ளி புள்ளியாகக் குறித்திருந்தாள். சில நாளில் ஒரே ஒரு இழுப்பு. நான் கோணல் என்று நினைத்தது அவளுடைய தாடையின் அளவு.

“பின் சைட்டைக் கொஞ்சம் இறக்கிக்கயேன்,” என்றேன்.

“அது ஏற்கெனவே அடியில உக்காந்திருக்கு. இதுக்கு மேல இறங்காது.”

“தலையைக் கொஞ்சம் தூக்கி வச்சுக்க.”

“அறுபது குண்டுக்கும் தூக்கி வச்சுக்கணுமா?”

“மூணு நாள் இருக்கே, பழகிக்க!”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “திருகாவது இறுக்கினியாப்பா?”

நான் திருகைத் தொடவே இல்லை. பத்து நாள் அந்தக் கட்டை என் மடியிலேயே கிடந்தது, அந்தத் திருகு ஞாபகமே வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “ஒரு மனுஷன் ராப்பகலா உக்காந்து செஞ்சதுக்கு இதுதான் மரியாதையா?” என்று கத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

தெருமுனை டீக்கடையில் ஒரு டீ சொல்லி, அதைக் குடிக்காமல் ஆறவிட்டேன். செம்பைத் திட்டினேன். உப்புத்தாளைத் திட்டினேன். முகாம் நடத்தினவனைத் திட்டினேன். திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனபோது என் முறை வந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் அவள் நடையில்தான் நின்றிருந்தாள். மேட்டின்மேல் கைக்குட்டையை மடித்து வைத்து ரப்பர் வளையம் போட்டிருந்தாள். கண்ணை மூடிச் சாய்ப்பதும் திறப்பதுமாக இருந்தாள். கைக்குட்டை நழுவியது. பிளாஸ்டிக் டேப் ஒட்டிப் பார்த்தாள், வியர்வையில் வழுக்கியது. திருகை அவளே இறுக்கியிருந்தாள். மனைவி என்னைப் பார்க்காமலே, “வந்துட்டாரு,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“மேட்டை அறுத்து எடுத்துட்டுப் புதுத் துண்டு மரம் ஒட்டித் தரேன்,” என்றேன்.

“எத்தனை நாள் ஆகும்?”

“ஒட்டி, காஞ்சு, வடிவம் எடுத்து… நாலு நாள்.”

நாலு நாள் என்றால் தேர்வு முடிந்திருக்கும். இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் வயது தாண்டிப் பெரியவர்களோடு நிற்க வேண்டும். அது எனக்கும் தெரியும்.

“தோல் ஒட்டலாம்பா,” என்றாள் கடைசியில். “தோல்னா வழுக்காது. பயிற்சியாளர்கிட்டக் கேட்டுட்டேன், அசையாம ஒட்டியிருந்தா அனுமதி உண்டாம்.”

என் உளிப்பையைக் கொண்டுவந்து கொட்டினேன். பை மாட்டுத்தோல், நல்ல கனம், பழகிப் பழகி மெத்தென்று ஆனது. அதிலிருந்து ஒரு துண்டு வெட்டலாம். ஆனால் ஒட்டுவதில் ஒரு சங்கடம் இருந்தது. எண்ணெய் குடித்த மரத்தில் பசை நிற்காது. முரட்டு உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால்தான் பிடிக்கும். தோல் படுகிற இடம் சரியாகக் குருவியின் மேல்.

அவளுக்கும் அது தெரிந்திருந்தது. “நீ போய் ஏதாவது சாப்பிடு,” என்றேன். போகவில்லை.

முரட்டுத் தாளை எடுத்தேன். முதல் இழுப்பு கண்ணின் வட்டத்தின் மேல் போயிற்று. ஒன்றரை நாள் போட்ட வட்டம். செம்பு கீச்சென்றது. இறகு முழுக்கக் கோடு கோடாகக் கிழிந்தது. எனக்கு நெஞ்சு எரிந்தது, பொய் சொல்லவில்லை, கையில் சூடு வைத்தது மாதிரி இருந்தது. வாயில் ஒரு வசவுகூட வரவில்லை. அலகு நுனிவரை தேய்த்துவிட்டுத் தாளைக் கீழே போட்டேன்.

பிறகு அவளைக் கேட்டேன். “சொல்லு. எவ்வளவு வேணும்?”

வியாழன் முழுக்க அதுதான் வேலை. தோலைச் சீவுவேன், இரண்டு பக்கம் ஒட்டும் டேப்பில் தற்காலிகமாக வைப்பேன், அவள் கண்ணை மூடிச் சாய்த்துத் திறப்பாள்.

“கொஞ்சம் அதிகம்.”

“கொஞ்சம்னா?”

“கொஞ்சம்பா.”

“கொஞ்சம்னு ஒரு அளவு உலகத்துல இருக்கா? எனக்கு அளவு சொல்லு!”

“ஒரு தாள் கனம்.”

சீவுவேன். “இப்ப முன்னால சரி, பின்னால இடிக்குது.” சீவுவேன். “இப்பக் குறைஞ்சுபோச்சு.” புதுத் துண்டு வெட்டுவேன். பதினோரு துண்டு வீணாயிற்று. உளிப்பை கந்தலாகிவிட்டது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வந்தது. செம்பாவது திட்டினால் வாங்கிக்கொள்ளும், இவள் அமைதியாக “இன்னொரு தடவை” என்பாள்.

பன்னிரண்டாவது துண்டு வெள்ளிக்கிழமை காலையில் பொருந்தியது. முன்பக்கம் தடித்து, பின்பக்கம் மெலிந்து, ஒரு மூலை மட்டும் நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கோணல் என்றால் கோணல், அவ்வளவு கோணல். பார்க்கச் சகிக்கவில்லை. கத்தியை எடுத்து அந்த மூலையை மட்டுமாவது வளைத்து இலை மாதிரி வெட்டிவிடலாம் என்று போனேன். என் மகள் என் கையைப் பார்த்தாள்.

“அங்கதான்ப்பா என் தாடை எலும்பு நிக்குது.”

கத்தியைக் கீழே வைத்தேன். அப்படியே ஒட்டினேன்.

சனிக்கிழமை நானும் கிளம்பினேன். மனைவி ஆச்சரியமாகப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை, புண்ணியவதி. சுடுகிற கூடத்தில் பின்னால் பெஞ்சு போட்டிருந்தார்கள். வரிசையாக நீலமும் சிவப்பும், நடுவில் என் மகளின் பழுப்புக் கட்டை. அதில் அந்தத் தோல் பத்தடி தூரத்திலிருந்தே கண்ணைக் குத்தியது.

பக்கத்தில் ஒரு அப்பா. அவர் மகன் கடைசியில் நின்றிருந்தான். அவர் சும்மா இருக்க முடியாதவர். “அந்தப் பொண்ணு துப்பாக்கியைப் பாத்தீங்களா? யாரோ இருட்டுல ஒட்டின மாதிரி இருக்கு. கோணல்மாணலா.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது தெரியுமா என்று கேட்க நாக்கு துடித்தது. அப்படி ஒரு மீன்கொத்தியை நீ கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டாய் என்று சொல்லியிருக்கலாம்.

“நான்தான் ஒட்டினேன்,” என்றேன். “அவ என் பொண்ணு.”

அவர் தடுமாறினார். “இல்ல, ஓரத்தையாவது கொஞ்சம் வெட்டி…”

“வெட்டினா அவளுக்குச் சரியா வராது. பேசாமப் பாருங்க.”

அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். கன்னத்தைச் சாய்த்தாள். நடையில் பார்த்தேனே, அந்தத் தேடல் இல்லை. கன்னம் நேராகப் போய் உட்கார்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அறுபது தடவை அதையே பார்த்தேன். எங்கே போய்ப் படுகிறது என்று திரையில் எண் வந்தது, அதை நான் பார்க்கவில்லை. கன்னத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் நான் மூச்சை அடக்குவதைப் பார்த்துப் பக்கத்து அப்பா ஒருமுறை, “உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டார்.

ஆறு பேரை எடுத்தார்கள். ஐந்தாவது பெயர் அவளுடையது.

அவள் துப்பாக்கியை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். கன்னத்தில் தோலின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது, அந்த நீட்டிய மூலையோடு சேர்த்து. நான் சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன். மன்னிப்புக்கூட அதில் இருந்தது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“அப்பா, அந்த முன்மூலை இன்னும் ஒரு இழை குறையணும்பா. நாப்பதாவது குண்டுக்கு மேல இடிக்குது.”

பன்னிரண்டு துண்டு வெட்டினேனே, நேற்றே இதைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று வாய்வரை வந்தது. உறையின் ஜிப்பைத் திறந்தேன்.

“எங்க இடிக்குது? விரலை வச்சுக் காட்டு.”